பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் பழவிளை இலங்கை அகதிகள் முகாமுக்குப் போகிற வழியில் எனக்கு ஒரு மருந்துக்கடை. மனைவி யாழ்ப்பாணத்துக்காரி, 1990-ல் ஏழு வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு படகில் வந்து இறங்கியவள். சில வருடங்களுக்கு முன் மாமியார் மட்டும் ஊர் திரும்பினார். போன இரண்டாம் வருடமே நெஞ்சுவலி என்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பதினொரு நாள் அங்கே வாசலும் வார்டுமாகக் கிடந்தேன்.

திரும்பி வந்ததிலிருந்து கடையில் மாத்திரை வியாபாரம் பாதி, யாழ்ப்பாண விசாரணை பாதி. ஊர் திரும்ப யோசிக்கும் முகாம் ஆட்கள் (2021-லிருந்து அரசாங்கக் காகிதத்தில் அது மறுவாழ்வு முகாம், பேச்சில் இன்னும் முகாம்தான்), பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை முகாம்களிலிருந்து போன் பண்ணுகிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கும் நம்மூர்க்காரர்கள் எனப் பலர். ஒரே கேள்வி பத்துத் தடவை வருகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்வியைப் போட்டிருக்கிறேன்.

“போதனா வைத்தியசாலைன்னா மிஷன் ஆஸ்பத்திரியா? ஜெபம் பண்ணித்தான் மருந்து குடுப்பாங்களா?”

கேட்டது எங்கள் சபையில் பாட்டுக் குழுவில் இருக்கும் ஒரு அக்கா. குமரி மாவட்டத்தில் போதகர், போதனை என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகத்துக்கு வரும், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இலங்கையில் போதனா வைத்தியசாலை என்றால் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடக்கும் அரசு ஆஸ்பத்திரி. நம் கணக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் வாயில் அது எப்போதும் ‘பெரியாஸ்பத்திரி’. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் போதும்.

மிஷன் கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரி தொடங்கியது 1850-ல், அரசாங்க அதிபராக இருந்த பெர்சிவல் டைக் என்ற வெள்ளைக்காரர் முயற்சியில், ஒரு தரும சங்கத்தின் பெயரில். 1907-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி தொடங்கிய அதே காலத்தில் பக்கத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன் இருந்தார். 1847-ல் யாழ்ப்பாணம் வந்தவர், ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்து, பாடப் புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். நம் மாவட்டத்து நெய்யூர்க்காரர்கள் இந்த இடத்தில் மார்தட்டிக்கொள்ளலாம். நெய்யூரில் லண்டன் மிஷன் வைத்தியம் ஆரம்பித்தது 1838-ல். கிறீனுக்கு ஒன்பது வருடம் மூப்பு.

“அது நம்ம ஆசாரிபள்ளத்த விட பெரிசாக்கும்?”

வயதில் மூத்தது. ஆசாரிபள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது 2001-ல். யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் 1978-லேயே வந்துவிட்டது, அப்போதிருந்துதான் ‘போதனா’ என்ற பட்டம். ஆயிரத்துக்கு மேல் படுக்கைகள்.

பெரிசு சிறிசு என்பதைவிட எனக்குப் பட்டது இது: நமக்கு ஆசாரிபள்ளத்தில் முடியவில்லை என்றால் வண்டியைத் திருவனந்தபுரத்துக்குத் திருப்புவோம், இரண்டு மணி நேரம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அடுத்த பெரிய இடம் கொழும்பு, 400 கிலோமீட்டர். அந்த ஏ9 சாலையும் சண்டைக் காலத்தில் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று வட மாகாணத்தின் ஐந்து மாவட்டத்துக்கும் கடைசிக் கதவு இதுதான். அனுப்ப இடம் இல்லாத ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தானே பார்க்கப் பழகிக்கொள்கிறது.

“காசு கேப்பினமோ?”

மாட்டார்கள். ஓபிடி, வார்டு, ஆபரேஷன், சாப்பாடு எதற்கும் பில் கிடையாது. இலங்கை அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றிலும் இதுதான் நடைமுறை. இருப்பில் இல்லாத மருந்தையோ பரிசோதனையையோ வெளியில் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தால் அது உங்கள் கைக்காசு. நம் ஊரிலும் அப்படித்தானே.

காசு போகிற இன்னொரு இடம் ‘சனல்’. பகலில் பெரியாஸ்பத்திரியில் இருக்கும் நிபுணரையே சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டி, நம்பர் போட்டுப் பார்ப்பதை அங்கே ‘சனல் பண்ணுறது’ என்கிறார்கள். தொலைக்காட்சி என்று நினைத்து நான் முதல் நாள் முழித்தேன். சனல் பண்ணினால் வரிசை மிச்சம், டாக்டரோடு உட்கார்ந்து பேசவும் நேரம் கிடைக்கும். பண்ணாவிட்டால் வைத்தியம் குறைந்துவிடாது.

“இங்க உள்ள காப்பீட்டு அட்டை அங்க எடுக்குமா?”

எடுக்காது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுக்குள் மட்டும். ஆனால் ஒன்று: முகாம் குடும்பங்களுக்கும் அந்த அட்டை உண்டு. ஸ்டென்ட், மூட்டு மாற்று என்று ஏதாவது இங்கே தேதி கொடுத்து நிற்கிறது என்றால், அதை முடித்துக்கொண்டு கிளம்புவதுதான் புத்தி. பாதி வைத்தியத்தோடு போய் அங்கே முதலிலிருந்து வரிசையில் நிற்காதீர்கள்.

“நேரா பெரியாஸ்பத்திரிக்கே போகலாமோ, இல்லாட்டி பக்கத்து ஆஸ்பத்திரியில துண்டு வாங்கோணுமோ?”

நேரே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் காய்ச்சலுக்கும் சீனி வருத்தத்துக்கும் (நம் சர்க்கரைதான்) போனால் அரைநாள் போய்விடும். ஏணி இப்படி: கிராமப் பக்கம் பிரதேச வைத்தியசாலை. அதற்கு மேல் ஆதார வைத்தியசாலை. பருத்தித்துறை மந்திகை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறையில் இருக்கின்றன. வெளி மாவட்டங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலை. அதற்கும் மேல் பெரியாஸ்பத்திரி. நிபுணர் கிளினிக்குக்குக் கீழே இருந்து ஒரு கடிதத்தோடு போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

கிளினிக்குக்கு ஒரு கொப்பி வைத்திருக்க வேண்டும். நம் பள்ளி நோட்டுதான். அதில்தான் எல்லா டாக்டரும் எழுதுவார்கள். மாமியார் அதற்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே பெயரும் கிளினிக் நாளும் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வரிசையில் பார்த்தால் ஆளுக்கொரு கொப்பியோடு அறுபது வயதுக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். கொப்பியைத் தொலைத்தவர் பாடு பெரும்பாடு.

“எனக்க மாத்திரை அங்க கிடைக்குமா? ஒரு வருசத்துக்கு உள்ளத வாங்கிட்டுப் போகட்டா?”

ஒரு வருடத்துக்கு வேண்டாம், இரண்டு மாதத்துக்குப் போதும். நான் கடைக்காரன், விற்றால் எனக்குத்தான் லாபம், இருந்தும் சொல்கிறேன். சுங்கத்தில் மூட்டை மூட்டையாக மருந்தைப் பார்த்தால் கேள்வி வரும். டாக்டர் சீட்டு கையில் இருக்கட்டும். அட்டையிலிருந்து மாத்திரையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள்.

இதில் என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமியார் கிளம்பும்போது அவருடைய ஆறு மாத்திரைகளையும் நானே ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன், எல்லாம் இங்கே விற்கிற கம்பெனிப் பெயர்கள். அங்கே ஒரு பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. இலங்கையில் 1970-களில் சேனக பிபிலே என்ற பேராசிரியர் கொண்டுவந்த கொள்கைப்படி, அரசாங்க மருந்து மூலப்பெயரில்தான் ஓடுகிறது. அட்டோர்வாஸ்டாட்டின், மெட்ஃபார்மின், அம்லோடிப்பின் என்று எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. நாற்பது வருடம் மருந்து விற்கும் குடும்பம் என்று பெருமை வேறு. அங்கே டோலோ கேட்டாலும் முழிப்பார்கள். காய்ச்சல் மாத்திரை எல்லாமே அங்கே ‘பனடோல்’தான்.

எந்தக் கடையிலும் மூலப்பெயரும் மில்லிகிராமும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஈசிஜி, ஸ்கேன் படம் எல்லாவற்றையும் ஒரு நெகிழிக் கவரில் போட்டு, பெட்டியில் வைக்காமல் கையில் கொண்டு போங்கள். பெட்டி தாமதமாக வரலாம்.

“துணைக்கு ஆள் நிக்க விடமாட்டாங்களாமே? எங்கம்மா தனியா எப்படிக் கிடப்பா?”

நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. இங்கே ஒரு நோயாளிக்கு மூன்று பேர், பாய், தூக்குவாளி, ஃபிளாஸ்க் என்று வராந்தாவில் குடித்தனமே நடக்கும். அங்கே பொதுவாகப் பார்வையாளர் நேரம் மட்டும்தான்: மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. சின்னக் குழந்தைக்குத் தாய் நிற்கலாம்; ரொம்ப முடியாதவர்களுக்கு வார்டில் அனுமதித் துண்டு வாங்கி ஒருவர் நிற்கலாம்.

முதல் இரண்டு நாள் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரே தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக் குடித்து நேரத்தைத் தள்ளினேன். மதியம் கேட் திறந்ததும் சாப்பாட்டுப் பார்சலோடு ஒரு கூட்டமே உள்ளே ஓடும். மூன்றாம் நாள் நானும் ஓடினேன். மாமியார் என்னைப் பார்த்து, “ஏன் மருமகன் ஓடி வாறியள், நான் இஞ்ச நித்திரையெல்லோ கொண்டனான்” என்றார். வராந்தாவில் ஆள் இல்லாத அமைதியில் அவர் உண்மையிலேயே நன்றாகத் தூங்கியிருந்தார்.

“டாக்டர்மார் எல்லாம் சிங்களமா? நம்ம பேசுறது புரியுமா?”

யாழ்ப்பாணத்தில் டாக்டரும் நர்சும் பெரும்பாலும் தமிழர்கள்தான். தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் சிங்கள டாக்டர்களும் உண்டு. அவர்கள் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவார்கள் அல்லது பக்கத்தில் நிற்கும் தாதியர் சொல்லிக் கொடுப்பார்கள். கொப்பியில் எழுதுவது எல்லாரும் ஆங்கிலத்தில்.

உண்மையில் சிக்கல் நம் தமிழுக்கும் அவர்கள் தமிழுக்கும் நடுவில் வருகிறது. அங்கே ‘வருத்தம்’ என்றால் நோய். “என்ன வருத்தம்?” என்று கேட்டதற்கு என்னோடு வந்த ஒருவர், “வருத்தம் ஒண்ணும் இல்ல டாக்டர், எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க” என்று பதில் சொன்னார். முகாமில் பிறந்த பிள்ளைகள் இரண்டு தமிழும் பேசும். அவர்களைக் கூட்டிப் போங்கள்.

“நடுராத்திரி ஏதாச்சும் ஆனா 108 வருமா?”

108 கிடையாது. அங்கே எண் 1990. காசு இல்லை, நம் 108 மாதிரியேதான். மாதிரி என்ன, இந்திய அரசின் நன்கொடையில் 2016-ல் தெற்கிலும் மேற்கிலும் ஆரம்பித்து, 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் வைத்து வட மாகாணத்துக்குத் தொடங்கி வைத்தார்கள்.

இந்த எண்ணை முகாமில் ஒரு ஆச்சிக்குச் சொல்லிக் கொடுத்தபோது, “அந்த வருசத்தை மட்டும் எனக்குச் சொல்லாதையப்பா” என்றார். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது அவர் குடும்பம் ஓடி வந்தது. அவருக்கு அந்த எண் மறக்காது என்பது மட்டும் நிச்சயம்.

“காணி துப்புரவாக்கேக்க பாம்பு கடிச்சா என்ன செய்யிறது?”

முப்பது வருடம் பற்றையாகக் கிடந்த காணிக்குள் இறங்குகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி. நாகம், கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் நாலும் அங்கே உண்டு. கட்டாதீர்கள், கீறாதீர்கள், பச்சிலை தேடி நேரத்தைக் கொல்லாதீர்கள். கடித்த இடத்தை ஆட்டாமல் அசைக்காமல் வைத்து 1990-ஐக் கூப்பிடுங்கள். பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம், முடிந்தால் தள்ளி நின்று போனில் படம் எடுங்கள். ஆஸ்பத்திரியில் முதலில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் விஷம் (கட்டு விரியன் இதில் சேராது) வேலை காட்டுகிறது என்று அர்த்தம். சும்மா வைத்திருக்கிறார்களே என்று சத்தம் போடாதீர்கள், அந்த 20 நிமிடம்தான் பரிசோதனை.

இலங்கை பயன்படுத்தும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் செய்தது. அதற்கு வேண்டிய நஞ்சைப் பல காலமாக எடுத்துக் கொடுப்பது சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். யாழ்ப்பாணத்தில் கடிபட்டவர் உடம்பில் ஏறுவது தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்துக்கு எதிராகச் செய்த மருந்து. இலங்கைப் பாம்பின் விஷம் சற்று வேறுபடுவதால் சில நேரம் அதிகக் குப்பிகள் தேவைப்படும். மூக்கு நுனி மேலே வளைந்த குட்டை விரியனுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, இங்கேயும் அதே கதிதான்.

“அப்பாவுக்கு மிதிவெடியில கால் போயிட்டு. இங்க போட்ட கால் தேஞ்சு போச்சு. அங்க மாத்த முடியுமா?”

முடியும். தேய்ந்த காலோடு இழுத்துப் பறித்துக்கொண்டு நடந்தால் முட்டியும் இடுப்பும் போய்விடும், தள்ளிப் போடாதீர்கள். வெட்டிய முனையில் புண்ணோ எலும்பு துருத்தலோ இருந்தால் முதலில் பெரியாஸ்பத்திரி. காலுக்கு யாழ்ப்பாணத்திலேயே 1987-லிருந்து ஜெய்ப்பூர் கால் செய்து பொருத்தும் நிலையம் இருக்கிறது.

ஜெய்ப்பூர் கால் 1960-களின் கடைசியில் ராஜஸ்தானில் கைவினைஞர் ஒருவரும் மருத்துவர்களும் சேர்ந்து கண்டுபிடித்தது. ரப்பர் பாதம் என்பதால் செருப்பில்லாமல் நடக்கலாம், சம்மணம் போட்டு உட்காரலாம். நல்லூர்க் கோயிலுக்குள் வெறுங்காலோடு போக வேண்டிய ஊருக்கு மேல்நாட்டுக் கால் சரிப்படுமா?

“கேன்சருன்னா கொழும்புக்குத்தான் ஓடணுமா?”

எல்லாவற்றுக்கும் ஓட வேண்டாம். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 2011-ல் தெற்கு முனையான தெவிநுவரவிலிருந்து வடக்கு முனை பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து பணம் திரட்டிக் கட்டியது. நடந்தவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் உண்டு. பெரியாஸ்பத்திரியில் கண்டுபிடித்து அங்கே அனுப்புவார்கள்.

“நான் அந்த ஆஸ்பத்திரியிலதான் பிறந்தனான். பிறப்புச் சான்றிதழ் அவையள் தருவினமோ?”

தர மாட்டார்கள். பிறந்தது ஆஸ்பத்திரியில் என்றாலும் பதிவு பதிவாளரிடம். நகல் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் சரியாக இருந்தால் தேடுவார்கள். சண்டையில் பதிவேடு அழிந்திருந்தால், உத்தேச வயதைச் சொல்லும் சான்றிதழ் ஒன்று உண்டு. அதற்கு வயதைக் கணித்துச் சொல்ல அரசு மருத்துவரிடம் அனுப்புவார்கள். அப்போது மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கே வருவீர்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகள் கதை வேறு. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து குடியுரிமை எடுத்த பிறகுதான் பயணம். வைத்தியத்துக்கு அடையாள அட்டை இல்லாதவரை வாசலில் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் பள்ளி, வங்கி, காணி என்று எல்லா இடத்திலும் அந்தக் காகிதம் இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

“மகளுக்கு டாக்டராகணும்னு ஆசை. அங்க போனா சீட்டு கிடைக்குமா?”

அங்கே நீட் கிடையாது, கட்டணமும் கிடையாது. ‘உயர்தரம்’ என்ற பரீட்சையில் உயிரியல் பிரிவு எடுத்து, நாடு முழுக்கப் போட்டி போட வேண்டும். 40 சதவீதம் இடம் நாடளாவிய மதிப்பெண்ணுக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்தில் போட்டி கடுமை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா பின்தங்கிய பட்டியலில் வரும். நம் பிளஸ் டூ மார்க்கை நீட்டி உள்ளே நுழைய முடியாது. பிள்ளை எட்டு, ஒன்பது படிக்கும்போதே போனால் வாய்ப்பு உண்டு. இந்தியாவிலோ வேறு நாட்டிலோ எம்பிபிஎஸ் முடித்துப் போனால் அங்கே ஒரு தகுதித் தேர்வு எழுதினால்தான் தொழில் செய்யலாம்.

மருத்துவ பீடம் இருப்பது கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம். ஆமாம், யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. “பிள்ளை திருநெல்வேலியில் மெடிக்கல் படிக்குது” என்று மாமியார் யாரையோ பற்றிச் சொன்னபோது நான் பாளையங்கோட்டை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“2022-ல மருந்தே இல்லன்னு டிவியில காட்டினாங்களே? இப்ப போகலாமா?”

அது உண்மைதான். டாலர் இல்லாமல் நாடே முடங்கியது. மருந்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வாங்குவது. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. அறிவித்ததில் மருந்து மட்டும் 28 கோடி ரூபாய்க்கு. அப்போதைய நிலைமை இப்போது இல்லை. நிறைய டாக்டர்கள் நாட்டை விட்டுப் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. நிபுணர் தேதிக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். அதற்குத்தான் மேலே இரண்டு மாத மாத்திரை என்று சொன்னேன்.

“அவ்வளவு சண்டைக்குள்ள அந்த ஆஸ்பத்திரி எப்படி நடந்துச்சு? யாரு நடத்தினா?”

கேட்டது பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், முகாமில் மூன்றாம் தலைமுறை. நல்ல கேள்வி. சுருக்கமான பதில்: சம்பளம் கொழும்பு கொடுத்தது, ஊர் புலிகள் கையில் இருந்தது, கொடி செஞ்சிலுவையுடையது.

1990-ல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த ராணுவத்தைப் புலிகள் முற்றுகையிட்டார்கள். கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பக்கம். இரண்டு பக்கக் குண்டுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி இயங்க முடியாமல் போனது. அந்த வருடக் கடைசியில் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் இரண்டு தரப்பிடமும் பேசி, ஆஸ்பத்திரியையும் சுற்றியுள்ள இடத்தையும் பாதுகாப்பு வலயமாக்கியது. உள்ளே ஆயுதம் வரக் கூடாது, வெளியிலிருந்து சுடக் கூடாது, அவ்வளவுதான் ஒப்பந்தம். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் சம்பளத்தை இலங்கை அரசாங்கமே கொடுத்தது, மருந்தையும் அதுவே அனுப்பியது. அதே அரசாங்கம் எரிபொருள், பேட்டரி, சில மருந்துகள் என்று ஒரு பெரிய தடைப்பட்டியலும் வைத்திருந்தது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடித்துக்கொண்ட கதை. மின்சாரம் அறுந்த ஊரில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் கணக்குப் பார்த்து ஆபரேஷன் செய்தார்கள்.

1995 அக்டோபர் 30-ல், யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமும் சேர்ந்த வலிகாமம் மொத்தமும் ஒரே இரவில் நடந்து வெளியேறியபோது ஆஸ்பத்திரியும் கிளம்பியது. மாமியாரின் தங்கை அந்தக் கூட்டத்தில் இருந்தவர். மழையில், செம்மணிப் பக்கம் நெருக்கத்தில், சேலைன் போத்தலைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் சைக்கிளை உருட்டியதைப் பார்த்தேன் என்பார். சைக்கிளில் யார் இருந்தார் என்பது ஞாபகமில்லை, போத்தல் மட்டும் ஞாபகம். அடுத்த வருடம் சனம் திரும்பியது, ஆஸ்பத்திரியும் திரும்பியது. இந்தத் தடவை ஊர் ராணுவத்தின் கையில் இருந்தது. வார்டில் அதே ஆட்கள்தான் வேலை பார்த்தார்கள்.

“தம்பி, நான் பட்டாளத்துல இருந்தவன். 87-ல அங்க ஆஸ்பத்திரியில நடந்தது கிராஸ் ஃபயர்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. அப்படித்தானே?”

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார். பிரஷர் மாத்திரைக்கு மாதம் ஒருமுறை வருகிற பெரியவர். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு பட்டாளக்காரர் உண்டு, அதனால் இந்தக் கேள்வி வேறு வேறு வாயில் எனக்கு மூன்று நாலு தடவை வந்துவிட்டது.

1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள். காலையிலிருந்து அந்தப் பக்கம் குண்டு விழுந்துகொண்டிருந்தது. புலிகள் சிலர் ஆஸ்பத்திரிக்குள் இருந்ததாகவும், டாக்டர்கள் அவர்களை வெளியே போகச் சொன்னதாகவும் பிழைத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. சாயங்காலம் படையினர் உள்ளே வந்தார்கள். அதன் பிறகு சுடப்பட்டவர்கள் நோயாளிகளும் வேலைக்காரர்களும். எக்ஸ்ரே பிரிவில் ஒளிந்திருந்தவர்கள், பிணங்களுக்கு நடுவில் இரவு முழுக்க அசையாமல் கிடந்தவர்கள் சாட்சி சொன்னார்கள். மறுநாள் காலையில் குழந்தை வைத்தியர் சிவபாதசுந்தரம், நர்சுகளோடு கையைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் டாக்டரும் நர்சும் என்று சொல்லியபடி வந்தபோது சுடப்பட்டார். டாக்டர்கள் பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகியோரையும் சேர்த்து இறந்தவர்கள் 60-க்கு மேல். இந்தியத் தரப்பு இரண்டு பக்கச் சண்டையில் மாட்டி இறந்தார்கள் என்றது. யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் எங்கிருந்து யார் முதலில் சுட்டார் என்று வாதாடலாம். கை தூக்கி வந்த டாக்டரைச் சுட்டதற்கு கிராஸ் ஃபயர் என்ற சொல் பொருந்தாது. பெரியவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் அப்போது திருகோணமலையில் இருந்ததாகச் சொன்னார். வருடா வருடம் அக்டோபர் 21-ல் ஆஸ்பத்திரிக்குள் இறந்தவர்கள் படத்துக்கு முன் ஊழியர்கள் விளக்கேற்றுவார்கள் என்று சொன்னேன். “நான் போனா உள்ள விடுவாங்களா?” என்றார். பார்வையாளர் நேரத்தில் கேட் திறந்திருக்கும், மதியமும் சாயங்காலமும். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. எந்த வார்டு என்று மட்டும் கேட்பார்கள்.